மூன்று முறை பிறந்த செம்புப் பலகை

ஹைதராபாத்தின் கோட்டி பகுதியில் குஜராத்தி கல்லி என்றொரு சந்து இருக்கிறது. சென்னைக்காரர்களுக்கு ரிச்சி தெரு எப்படியோ, எலெக்ட்ரானிக்ஸ் சாமான் வாங்குகிற ஹைதராபாத்காரர்களுக்கு அந்தச் சந்தும் பக்கத்து பேங்க் தெருவும் அப்படி. ரெசிஸ்டர், ஐ.சி., டிரான்ஸ்ஃபார்மர், ஸ்பீக்கர் என்று அங்கே விற்கும் எல்லாவற்றுக்கும் ஓர் எண்ணும், அளவும், செய்யவேண்டிய வேலையும் உண்டு. ஒரே ஒரு பொருளுக்கு மட்டும் என்ன வேலை என்பதை வாங்குகிறவர்தான் தீர்மானிக்க வேண்டும். ஒரு பக்கம் பளபளக்கும் செம்பு. மறுபக்கம் வெளிறிய பச்சை அல்லது பழுப்பு. கோடு கிடையாது, துளை கிடையாது, எழுத்து கிடையாது. ‘பிளெயின் பிசிபி’ என்றோ ‘காப்பர் கிளாட்’ என்றோ கேட்டால் எடுத்து வைப்பார்கள்.

நம் வீட்டு டி.வி., மிக்ஸி, செல்போன் சார்ஜர் எதைத் திறந்தாலும் உள்ளே இருக்கும் சர்க்யூட் போர்டு, செம்புக் கோடு வருவதற்குமுன் இப்படித்தான் இருந்தது. தொழிற்சாலைக்கென்று உருவான இந்தச் சரக்கு, பத்தாம் வகுப்பு மாணவனும் வாங்கக்கூடிய துண்டாக எப்படி மாறியது? அதைச் சொல்ல வேண்டுமானால் இதன் மூன்று பிறப்புகளைச் சொல்ல வேண்டும். முதல் இரண்டும் ஆய்வுக்கூடத்திலும் ஆலையிலும் நடந்தவை. மூன்றாவது கடையில் நடந்தது.

முதல் பிறப்பு பலகையினுடையது. பெல்ஜியத்தில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய லியோ பேக்லண்ட், ஃபீனாலையும் ஃபார்மால்டிஹைடையும் சேர்த்துச் சூட்டிலும் அழுத்தத்திலும் இறுகவைத்து, 1907-இல் பேக்லைட்டை உருவாக்கினார். ஒருமுறை இறுகிவிட்டால் மறுபடி உருகாது; மின்சாரத்தையும் கடத்தாது. இந்தப் பிசினில் தாளை நனைத்து, அடுக்கி, சூடான பிரஸ்ஸில் அழுத்தினால் மரம்போல் அறுக்கவும் துளைக்கவும் முடிகிற பலகை கிடைத்தது. வெஸ்டிங்ஹவுஸில் வேலை பார்த்த டேனியல் ஓ’கானரும் ஹெர்பர்ட் ஃபேபரும் 1913-இல் ஃபார்மிகா நிறுவனத்தைத் தொடங்கியது இந்தப் பலகையை நம்பித்தான். சமையல்மேடையும் சாப்பாட்டு மேசையும் அப்போது அவர்கள் கணக்கிலேயே இல்லை. மின் இயந்திரங்களில் அப்ரகத்துக்குப் பதிலாக வைக்கும் காப்புப் பொருளாகத்தான் அதை விற்றார்கள்.

இந்த முதல் பிறப்பில் ஹைதராபாத்துக்கும் பங்கு உண்டு. தமிழ்நாட்டில் எலெக்ட்ரீஷியன்கள் சுவிட்ச் பாக்ஸுக்கு மேல் வைக்கிற பலகையை ‘ஹைலம் ஷீட்’ என்பார்கள். அந்தப் பெயர் ஹைதராபாத்தில் இருந்த லேமினேட் நிறுவனத்தின் பெயர்ச் சுருக்கம். பின்னால் பேக்லைட் ஹைலம் என்றானது அந்த நிறுவனம். அதன் ஆலை சனத்நகரில் இருந்தது. மதுரையிலோ திருநெல்வேலியிலோ ஒரு பழைய வீட்டில் சுவிட்சுக்கு அடியில் பழுப்புப் பலகை இருந்தால், அது இந்த சர்க்யூட் போர்டின் நேரடி உறவுக்காரன்: அதே தாள், அதே பிசின், அதே பிரஸ். மேலே செம்பு ஒட்டவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

செம்பு ஒட்டியது இரண்டாவது பிறப்பு. பால் ஐஸ்லர் 1907-இல் வியன்னாவில் பிறந்த யூதர். எஞ்சினியரிங் படித்தவர், வியன்னாவில் அச்சுத்தொழிலையும் அருகிலிருந்து பார்த்தவர். நாஜிகளின் நெருக்கடி வளர்ந்த 1936-இல் லண்டனுக்குப் போனார். அந்தக் காலத்து ரேடியோவுக்குள் ஒவ்வொரு இணைப்பும் கையால் இழுத்துச் சாலிடர் வைத்த வயர். ஒரு வயர் மாறினால் செட் பேசாது. புத்தகத்தின் ஆயிரம் பிரதியும் ஒன்றுபோல் வருகிறதே, வயரிங்கை ஏன் அச்சடிக்கக் கூடாது என்று ஐஸ்லர் யோசித்தார். வாடகை அறையில் உட்கார்ந்து அப்படியொரு ரேடியோவைச் செய்தும் காட்டினார். தொழிற்சாலைகள் மசியவில்லை. வயரிங் வேலையைக் குறைந்த கூலிக்குப் பெண்கள் செய்துகொண்டிருந்தார்கள். இயந்திரம் எதற்கு என்பது முதலாளிகளின் கணக்கு. போர் தொடங்கியதும், எதிரி நாட்டுக்காரர் என்று பிரிட்டன் அவரைச் சில காலம் தடுப்பில் வைத்தது. வெளியே வந்தபின் இசைக்குறிப்பு அச்சடிக்கும் லண்டன் அச்சகம் ஒன்று அவரைச் சேர்த்துக்கொண்டது. 1943-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்.

ஐஸ்லரின் வழியில் ஒரு தலைகீழ்த் திருப்பம் இருக்கிறது. கடத்தும் மையால் கோடு வரைந்து பார்த்தவர்கள் அவருக்கு முன்னும் உண்டு. ஐஸ்லர் முதலில் பலகை முழுக்கச் செம்புத் தாளை ஒட்டினார். வேண்டிய கோடுகளை மட்டும் அச்சு மையால் மூடினார். மூடாத செம்பை அமிலக் கரைசலில் கரைத்து எடுத்தார். எஞ்சியதே சர்க்யூட். இந்த முறைக்கு எந்தச் சர்க்யூட்டாக இருந்தாலும் தொடக்கம் ஒன்றுதான்: ஒன்றும் வரையாத, முழுச் செம்பு ஒட்டிய பலகை. எனவே சர்க்யூட் போர்டு பிறந்தபோதே வெற்றுப் பலகையும் தனிச் சரக்காகப் பிறந்துவிட்டது. யார் என்ன சர்க்யூட் போடப்போகிறார்கள் என்று தெரியாமலேயே ஓர் ஆலை அதைச் செய்து குவிக்கலாம்.

செம்புத் தாள் வருகிற விதமும் தெரிந்துகொள்ள வேண்டியது. பெரிய உலோக உருளை ஒன்று செம்பு உப்புக் கரைசலில் பாதி மூழ்கி மெல்லச் சுற்றும். மின்சாரம் பாயும்போது உருளைமேல் செம்பு படியும். மேலே வந்ததும் அதை உரித்துச் சுருட்டுவார்கள். உருளையைத் தொட்ட பக்கம் வழவழப்பாக இருக்கும், கரைசலைப் பார்த்த பக்கம் சொரசொரப்பாக இருக்கும். சொரசொரப்பான பக்கம்தான் பலகையோடு ஒட்டுகிறது. பிசின் அந்த மேடுபள்ளங்களில் புகுந்து பிடித்துக்கொள்கிறது. வழக்கமான கனம் 35 மைக்ரான். ஒரு சதுர அடிப் பரப்பில் ஓர் அவுன்ஸ், அதாவது சுமார் 28 கிராம் செம்பைச் சீராகப் பரப்பினால் வருகிற கனம் இது. கடைக்காரர்கள் இன்றும் ‘ஒன் அவுன்ஸ்’ என்றுதான் சொல்கிறார்கள்.

தாள் பலகைக்குக் குறைகள் இருந்தன. ஈரம் இழுக்கும், சாலிடரிங் சூட்டில் கருகும், அழுத்தினால் உடையும். தாளுக்குப் பதில் கண்ணாடி இழைத் துணியும், ஃபீனாலிக் பிசினுக்குப் பதில் எபாக்சியும் வந்தன. தீப்பற்றி எரியாதிருக்க அதில் புரோமின் சேர்த்த வகைதான் எஃப்.ஆர்.-4. பிசினில் நனைத்த கண்ணாடித் துணியை எட்டு அடுக்கு போட்டு, மேலே செம்புத் தாள் வைத்து, 170 டிகிரி செல்சியஸ் அளவுச் சூட்டில் அழுத்தினால், வழக்கமாக விற்கும் 1.6 மில்லிமீட்டர் பலகை கிடைக்கும். பழைய பேக்லைட் பலகையின் அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு கனம்தான் அந்த 1.6. பிசின் மாறியது, துணி மாறியது, கனம் மட்டும் அப்படியே நின்றுவிட்டது.

இந்தச் சரக்கு ஹைதராபாத்துக்கு வந்து குவிய ஒரு காரணம் வேண்டும். அந்தக் காரணம் பெரும்பாலும் ஒரே மனிதரோடு சேர்ந்து வந்தது. அய்யகாரி சாம்பசிவ ராவ், ஹோமி பாபாவோடு வேலை செய்தவர். 1956-இல் இயங்கத் தொடங்கிய இந்தியாவின் முதல் அணு உலையான அப்சராவுக்குக் கட்டுப்பாட்டுக் கருவிகள் செய்த குழு அவருடையது. அணுசக்தித் துறையின் எலெக்ட்ரானிக்ஸ் வேலை தனி நிறுவனமாகி, 1967 ஏப்ரலில் ஹைதராபாத்தில் இ.சி.ஐ.எல். ஆனது. அதைக் கட்டி எழுப்பியவர் ராவ். 1969-இல் டி.டி.சி.-12 என்ற கணினி அங்கிருந்து வந்தது. 1975-இல் செயற்கைக்கோள் வழியாகக் கிராமங்களுக்குக் கல்வி ஒளிபரப்பிய சைட் திட்டத்துக்கு, சுமார் 2400 கிராமங்களுக்கான டி.வி. பெட்டிகளை இ.சி.ஐ.எல். செய்து கொடுத்தது. அந்தக் கிராமங்களில் ஆந்திரக் கிராமங்களும் இருந்தன. பிறகு ‘இ.சி. டி.வி.’ வீடுகளுக்குள் வந்தது. பாதுகாப்புத் துறையின் எலெக்ட்ரானிக்ஸ் ஆய்வுக்கூடமும் ஏவுகணை ஆய்வுக்கூடமும் 1960-களிலேயே இந்த நகருக்கு வந்துவிட்டன. ராவின் பெயரில் இன்று ஒரு குடியிருப்பே, ஏ.எஸ். ராவ் நகர், இருக்கிறது.

பெரிய நிறுவனங்கள் இருந்தால் அவற்றைச் சுற்றிச் சின்னப் பட்டறைகள் வரும். சேர்லபள்ளி, குஷாய்குடா, பாலாநகர் பக்கம் பட்டறைகள் முளைத்தன. சர்க்யூட் போர்டு செய்கிற பட்டறைக்குப் பலகை முழு ஷீட்டாக வரும்: நாலடி நீளம், மூன்றடிக்கு மேல் அகலம். தனக்கு வேண்டிய அளவில் வெட்டிக்கொண்டபின் ஓரத்தில் கீற்றுகள் மிஞ்சும். கையகலம், ஒரு முழம், சில நேரம் அதைவிடப் பெரிது. பட்டறைக்கு அது கழிவு. கோட்டிக்கு அது சரக்கு.

இதைத்தான் மூன்றாவது பிறப்பு என்கிறேன். பொழுதுபோக்குக்காகவும் படிப்புக்காகவும் சர்க்யூட் செய்கிறவர்களுக்கென்று உலகில் எந்த ஆலையும் இந்தப் பலகையைக் கண்டுபிடிக்கவில்லை. ஷீட்டை வெட்டித் துண்டாக விற்க ஒருவர் சம்மதித்த அன்றுதான் அது அவர்களுக்குக் கிடைத்தது. ஒரு முழு ஷீட் வாங்க மாணவனிடம் பணமும் இருக்காது, அதற்கான தேவையும் இருக்காது. அவனுக்கு வேண்டியது ஆறு அங்குலத்துக்கு நாலு அங்குலம். அந்த அளவுக்கு வெட்டிக் கொடுப்பது வியாபாரிக்கு லாபமான வேலையே கிடையாது. வெட்டும்போது சேதாரம் உண்டு. ஒரு துண்டு விற்க ஆகும் நேரத்தில் பத்து ஐ.சி. விற்றுவிடலாம். இருந்தும் வெட்டிக் கொடுத்தார்கள். இந்தச் சந்தின் பெருமை எனக்கு அதில்தான் தெரிகிறது.

வியாபாரம் எப்படி நடக்கும் என்று கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். மதியம் கல்லூரி விட்டு வந்த பையன் கேட்கிறான்: “அண்ணா, ஆறுக்கு நாலு இருக்கா?” கடைக்காரர் திருப்பிக் கேட்பது இரண்டே கேள்வி: “கிளாஸா, பேப்பரா? சிங்கிளா, டபுளா?” கிளாஸ் என்றால் எஃப்.ஆர்.-4, பேப்பர் என்றால் பழைய ஃபீனாலிக். சிங்கிள் ஒரு பக்கச் செம்பு, டபுள் இரு பக்கமும் செம்பு. கிளாஸ் பலகையின் பின்பக்கத்தை உற்றுப் பார்த்தால் துணியின் நெசவு கட்டம் கட்டமாகத் தெரியும். பேப்பர் பலகை அடர்பழுப்பாக, நெசவில்லாமல் இருக்கும். பேப்பரை ஹேக்ஸா பிளேடால் ஆழமாகக் கீறி மேசை விளிம்பில் வைத்து அழுத்தினால் கோடு போட்டதுபோல் உடையும். கிளாஸ் அப்படி லேசில் விடாது. ரம்பத்தால் அறுக்க வேண்டும், அல்லது ஷியரிங் மெஷினில் வெட்ட வேண்டும். கிளாஸின் தூள் தோலில் அரிக்கும், மூச்சில் போனால் கெடுதி. முகத்தைத் துணியால் மூடிக்கொண்டு அறுப்பதே சரி.

விவரம் தெரிந்தவர்கள் துண்டைக் கையில் வாங்கியதும் கண்ணாடிக் கவுண்டர்மேல் கவிழ்த்து வைத்து நாலு மூலையையும் விரலால் தட்டுவார்கள். ஒரு மூலை ஆடினால் பலகை வளைந்திருக்கிறது என்று அர்த்தம். செம்பில் விரல்ரேகைபோல் கறுத்திருந்தால் கவலையில்லை, பாத்திரம் தேய்க்கும் நாரால் தேய்த்தால் போய்விடும். நகம் இடறுகிற கீறல் இருந்தால் வேண்டாம்; அந்த இடத்தில் வரப்போகிற மெல்லிய கோடு அறுந்துபோகும்.

வாங்கிக்கொண்டு போனவர்களுக்கு வரைபடம் எங்கிருந்து வந்தது? டெல்லியிலிருந்து 1969 முதல் வரும் ‘எலெக்ட்ரானிக்ஸ் ஃபார் யூ’ பத்திரிகை, சர்க்யூட்டோடு அதன் போர்டு வரைபடத்தையும் உண்மை அளவிலேயே அச்சிட்டது. அதன்மேல் மெல்லிய தாளை வைத்துப் படியெடுத்து, செம்பின்மேல் நகப்பாலிஷாலோ பெயிண்டாலோ கோடு போட்டவர்கள் ஒரு தலைமுறை. லேசர் பிரிண்டர் வந்தபின் வழவழப்பான தாளில் அச்செடுத்து, செம்பின்மேல் கவிழ்த்து, இஸ்திரிப் பெட்டியால் அழுத்தித் தேய்த்து, தண்ணீரில் ஊறவைத்துத் தாளை உரித்தவர்கள் அடுத்த தலைமுறை. தாள் போய்விடும், கறுப்பு டோனர் செம்பில் நிற்கும்.

பிறகு ஃபெரிக் குளோரைடு. மஞ்சள்பழுப்புக் கட்டிகளாக விற்கும். பிளாஸ்டிக் டப்பாவில் வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்துப் பலகையை இறக்கி, டப்பாவை மெல்ல ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும். முதல் நிமிடங்களிலேயே செம்பின் பளபளப்பு போய் மங்கலான இளஞ்சிவப்பு வரும். அதன்பின் வெகுநேரம் ஒன்றும் நடக்காததுபோல் இருக்கும். திடீரென்று விளிம்புகளில் பலகையின் பச்சை எட்டிப்பார்க்கும். அங்கிருந்து உள்ளே உள்ளே நகரும். கடைசித் தீவுகளும் கரைந்ததும் எடுத்துக் கழுவி டோனரைச் சுரண்டினால், தன் கையால் போட்ட செம்புக் கோடுகள் மின்னும். அந்தக் கணத்தை ஒருமுறை அனுபவித்தவர் சர்க்யூட்டை அதற்குமுன் பார்த்ததுபோல் மறுபடி பார்ப்பதில்லை.

இதில் ஒரு பொறுப்பும் இருக்கிறது. ஆறுக்கு நாலு பலகையின் ஒரு பக்கத்தில் ஐந்து கிராமுக்குச் சற்றுக் குறைவாகச் செம்பு இருக்கும். அதில் பெரும்பங்கு கரைசலுக்குள் போய்விடுகிறது. செம்பு உப்பு மீன்களுக்கு நஞ்சு. ஹைதராபாத்தின் சாக்கடைகள் போய்ச் சேரும் மூசி ஆறு ஏற்கெனவே படாத பாடு பட்டுவிட்டது. பழைய கரைசலில் சலவைச் சோடாவைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டால் நுரைத்து, பின் அடங்கும்; அடியில் கசடு தங்கும். அந்தக் கசடை உலர்த்தி அபாயக் கழிவாக ஒப்படைக்க வேண்டும். சிங்க்கில் ஊற்றவே கூடாது.

வெற்றுப் பலகையைக் கரைக்காமலேயே பயன்படுத்துகிற கூட்டம் ஒன்றும் ஹைதராபாத்தில் உண்டு: பொழுதுபோக்காக ரேடியோவில் பேசிக்கொள்ளும் ஹாம், அதாவது அமெச்சூர் ரேடியோக்காரர்கள். 1983-இல் தொடங்கிய தேசிய அமெச்சூர் ரேடியோ நிறுவனம் இந்த நகரில்தான் இருக்கிறது. இந்த ஊர்க்காரரான அஷர் ஃபர்ஹான் 2000-களின் தொடக்கத்தில் வடிவமைத்த ‘பிட்எக்ஸ்-20’, 14 மெகாஹெர்ட்ஸில் பேசவும் கேட்கவும் உதவும் ரேடியோ. இந்தியக் கடைத்தெருவில் சாதாரணமாகக் கிடைக்கும் டிரான்சிஸ்டர், மலிவான கிரிஸ்டல் ஆகியவற்றை வைத்தே செய்யும்படி அதை அமைத்தார். உலகெங்கும் ஆயிரக்கணக்கான மைல் தள்ளி இருக்கிறவர்கள் அதைச் செய்தார்கள். அவர்களில் பலர் செய்தது வெற்றுச் செம்புப் பலகையின் மேல்தான். ஃபர்ஹானும் தன் மூலமாதிரிகளை இந்த வழியில் கட்டுவதை விரும்புகிறவர்.

அந்த முறையில் செம்பு முழுவதும் ‘கிரவுண்ட்’. நெகட்டிவோடு சேரவேண்டிய ஒவ்வொரு காலையும் நேராகச் செம்பின்மேல் சாலிடர் வைத்துவிடுவார்கள். மற்ற இணைப்புகள் காற்றில் நிற்கும், அல்லது அதே பலகையிலிருந்து வெட்டிய குட்டித் துண்டுகளை ஒட்டி அவற்றின் மேல் நிற்கும். பார்க்க ஒழுங்காக இருக்காது. ஆனால் அதிக அதிர்வெண்ணில் அகலமான, உடையாத கிரவுண்டைப் போல் நல்லது வேறில்லை. மெல்லிய கோடு ஒவ்வொன்றும் அங்கே சின்னச் சுருளாக வேலை செய்து சிக்னலைக் கெடுக்கும். கலிஃபோர்னியாவில் லீனியர் டெக்னாலஜியின் புகழ்பெற்ற வடிவமைப்பாளர் ஜிம் வில்லியம்ஸும் தன் அதிவேகச் சர்க்யூட்களை இப்படி வெற்றுச் செம்பின்மேல்தான் கட்டிப் பார்த்தார். அச்சடிப்பதற்காகப் பிறந்த பலகை, அச்சே இல்லாமலும் தன் வேலையைச் செய்கிறது.

இன்று கம்ப்யூட்டரில் வரைந்து சீனாவுக்கோ இந்தியாவிலேயே உள்ள ஆலைக்கோ அனுப்பினால், துளை, பச்சைப் பூச்சு, எழுத்து எல்லாம் போட்டு அழகான போர்டு வீட்டுக்கு வந்துவிடுகிறது. 2023 மார்ச்சில் ராய்துர்க்கில் திறந்த டி-ஒர்க்ஸ் போன்ற இடங்களில் மாதிரி செய்து பார்க்க நவீனக் கருவிகளும் இருக்கின்றன. நல்ல மாற்றம்தான். பிறகு எதற்கு இந்த வெற்றுத் துண்டு?

போர்டு வந்து சேரும்வரை நாள்கணக்கில் காத்திருக்கிறவன், பிழை வருமோ என்று பயந்து பயந்து வரைவான். கையில் நாலு துண்டு இருக்கிறவன் இன்று மாலையே தப்பாகப் போட்டு, இரவுக்குள் திருத்தி, நாளைக் காலை அதைவிட நன்றாக யோசிப்பான். கோடு ஏன் தடிமனாக இருக்க வேண்டும், கிரவுண்ட் ஏன் பரந்து இருக்க வேண்டும், செம்பு ஏன் சூட்டில் உரிகிறது என்பதைப் பாடப்புத்தகம் சொல்லும். விரல் நம்புவது சொந்தமாகச் செய்தபிறகுதான். இவ்வளவு குறைந்த செலவில் தோற்றுப் பார்க்க எலெக்ட்ரானிக்ஸில் வேறு வழி இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

அதனால் என் வேண்டுகோள் கல்லூரிகளுக்கும் பள்ளிகளுக்கும். ஹைதராபாத்தானாலும் கோயம்புத்தூரானாலும், ஒவ்வொரு எலெக்ட்ரானிக்ஸ் லேபிலும் ஒரு முழு ஷீட் கிளாஸ் எபாக்சியும், அதை வெட்ட ஒரு கருவியும், பழைய கரைசலைச் சேர்த்துவைக்க ஒரு கேனும் இருக்கட்டும். கேட்கிற மாணவருக்குக் கேட்ட அளவில் வெட்டிக் கொடுக்கட்டும். கோட்டியின் கடைக்காரர்கள் லாபம் குறைவென்று தெரிந்தும் இத்தனை காலம் செய்துவந்த வேலை அது. கற்பிப்பதற்கென்றே இருக்கிற இடங்களும் அதைச் செய்யத் தொடங்கினால், செம்புப் பலகையின் நான்காவது பிறப்பு வகுப்பறையில் நடக்கும்.